கேமரா தள்ளி நிற்கட்டும், மைக் கிட்டே போகட்டும்

ஸ்டில் கேமராவை வைத்தே வீட்டுப் பெரியவர்களை ஆவணப்படமாக எடுக்கலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் படத்தைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு, முக்கால்வாசிப் பேர் சத்தத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே.

செம்பவாங்கிலிருந்து ஒரு வாசகர்: என் அப்பா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர், பிரிட்டிஷ்காரர்கள் போன பிறகு கப்பல் பட்டறையில் தொடர்ந்தார். அவர் பேசுவதைப் பழைய கேனன் 5டி மார்க் 2-இல் எடுக்கிறேன். படம் அருமையாக வருகிறது, குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. கேமரா தலையில் ஷாட்கன் மைக் (நேர் எதிரே வரும் ஒலியை அதிகம் பிடிக்கும் நீளமான மைக்) மாட்டிப் பார்த்தும் பெரிய வித்தியாசமில்லை. தனி ரெக்கார்டர் வாங்கத்தான் வேண்டுமா?

வாங்குங்கள். ஆனால் ரெக்கார்டர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள், ஏனென்றால் அதையும் கேமரா பக்கத்திலேயே வைத்தால் இப்போது கேட்பதுதான் அப்போதும் கேட்கும். உங்கள் பிரச்சினை கருவி இல்லை, தூரம். வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரம் இரண்டு மடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது, ஆனால் சுவரிலும் தரையிலும் மோதித் திரும்பி வரும் எதிரொலி அறை முழுக்க ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவுக்கு உங்கள் அப்பாவைவிட உங்கள் ஹாலின் டைல்ஸ் தரைதான் அதிகம் கேட்கிறது. ஷாட்கன் மைக் வெட்டவெளியில் நன்றாக உழைக்கும், சின்ன அறையில் அந்த எதிரொலி அதன் பக்கவாட்டுத் துளைகள் வழியாகப் புகுந்து குரலையே கலங்கடித்துவிடும். அதனால்தான் செலவு செய்தும் பலனில்லை.

படத்துக்கு எது நல்ல இடமோ அங்கே கேமரா நிற்கட்டும், குரலுக்கு எது நல்ல இடமோ அங்கே மைக் இருக்கட்டும். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. தனியாக ஒலிப்பதிவு செய்வதால் கிடைக்கும் பெரிய லாபம் இந்தச் சுதந்திரம்தான், மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்.

உங்கள் கேமராவைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். 2008-இல் வந்த அது அடிப்படையில் புகைப்படக்காரர்களுக்கான கேமரா, வீடியோ அதில் கூடுதலாகச் சேர்ந்த வசதி. ஒலி அளவைக் கையால் கட்டுப்படுத்தும் வசதியே 2010-இல் வந்த ஃபர்ம்வேர், அதாவது கேமராவுக்குள் ஓடும் மென்பொருள், மூலம்தான் கிடைத்தது, ஹெட்ஃபோன் துளை 2012-இல் மார்க் 3 வரும்வரை இல்லை. தானியங்கி அளவு ஓடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் தெரியுமா, அப்பா பேசி நிறுத்தி எதையோ நினைத்துப் பார்க்கும் அந்தச் சில நொடி மௌனத்தில் கேமரா ‘சத்தம் குறைந்துவிட்டது’ என்று அளவைத் தூக்கும், ‘உஸ்’ என்ற இரைச்சல் பொங்கி மேலே வரும், அவர் மறுபடி வாயைத் திறந்ததும் முதல் வார்த்தை வெடிக்கும், பிறகு சட்டென்று அமுங்கும். பெரியவர்களின் பேச்சில் மௌனம்தான் பாதி. அதைக் கெடுக்கும் கருவியை நம்பி உட்காரக் கூடாது. ஃபர்ம்வேர் புதியதா என்று பார்த்து, அளவைக் கையால் வைக்கும் முறைக்கு மாற்றிவிடுங்கள்.

அப்பா சட்டை போட்டிருந்தால் காலரில் மாட்டும் சின்ன மைக், அதாவது லேப்பல் மைக், தாடைக்கு ஒரு சாண் கீழே. அதன் வயர் பாக்கெட்டில் இருக்கும் சின்ன ரெக்கார்டருக்குப் போகட்டும். ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-10எல் மாதிரி கையடக்கமானது போதும். கூட ஆள் இருந்தால் கம்பத்தில் மைக் மாட்டி, படச் சட்டத்துக்குச் சற்று மேலே, நெஞ்சைப் பார்த்துச் சரித்துப் பிடிக்கச் சொல்லலாம். அதில் குரல் இன்னும் இயல்பாக இருக்கும், ஆனால் ஒரு மணி நேரம் கை வலிக்காமல் பிடிக்க ஆள் வேண்டும். அளவை, அவர் கொஞ்சம் உரக்கச் சிரித்தாலும் ரெக்கார்டர் திரையில் மைனஸ் 12 டெசிபெல் பக்கத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள், பூஜ்யம்தான் அதன் உச்ச எல்லை. 24 பிட்டில் எடுத்தால் குறைவாக எடுத்ததைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், எல்லை மீறி உடைந்து போனதை மீட்பது மிகக் கஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது கருவியைப் பற்றியது இல்லை. நமக்குக் கதை கேட்டால் உம் கொட்டும் பழக்கம். அப்பா ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் நீங்கள் “ம்ம்… ஆமாப்பா… அப்புறம்?” என்று சொல்வது அவர் குரலின் வாலோடு ஒட்டிக்கொள்ளும், எடிட்டிங்கில் பிரிக்கவே முடியாது. உம் கொட்டாவிட்டால் பேசுகிறவருக்குப் பேச்சு ஓடாது என்பதும் உண்மைதான், அதனால் கண்ணைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுங்கள். முதல் பத்து நிமிடம் கஷ்டமாக இருக்கும். ஆரம்பிக்கும் முன்பே “நான் சத்தம் போட மாட்டேன்பா, கேட்டுக்கிட்டுத்தான் இருப்பேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டால் அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஈசூனிலிருந்து ஒரு வாசகி: பாட்டியின் சேலையில் மைக் மாட்டினால் ‘கரகர’ என்று சத்தம் வருகிறது. எங்கே மாட்டுவது?

நீங்கள் பேத்தி என்பதால் இது சுலபம், வெளியாள் செய்யக் கூச்சப்படும் வேலையை நீங்கள் செய்யலாம். முந்தானை மடிப்பைத் தோளில் ஊசி குத்தியிருப்பார்கள் இல்லையா, அங்கிருந்து கொஞ்சம் கீழே இறங்கி, மடிப்பின் உள்விளிம்பில், மைக்கின் தலை மட்டும் வெளியே எட்டிப் பார்க்கிற மாதிரி கிளிப்பை மாட்டுங்கள். அப்புறம் வயரை நேராக இழுத்துவிடாதீர்கள். மைக்குக்குக் கீழே ஒரு சின்ன வளையமாகச் சுற்றி, மருந்துக்கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியால் துணியோடு ஒட்டிவிட்டால், பாட்டி அசையும்போது வரும் இழுப்பு அந்த வளையத்திலேயே நின்றுவிடும், மைக்குக்கு ஏறாது. கரகரப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

மீதிப் பாதி சேலையும் நகையும். கஞ்சி போட்ட பருத்தியும் புதுப் பட்டும் மூச்சு விட்டால்கூடச் சரசரக்கும், பலமுறை துவைத்து இளகிய வாயில் சேலை சத்தமே போடாது. படம் எடுக்கிறார்கள் என்று பாட்டி பட்டுதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும், அதை மறுக்க வேண்டாம், மைக்கை மட்டும் துணி துணியோடு உரசாத இடத்துக்கு மாற்றுங்கள். கழுத்துச் சங்கிலி மைக்கில் தட்டும், அதை ரவிக்கைக்குள் போடச் சொல்லுங்கள். தாலியைக் கழற்றச் சொல்லவே கூடாது, தேவையும் இல்லை. கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கையை ஆட்டிப் பேசுகிறவராக இருந்தால் ஒரு கைக்கு ஒன்றோ இரண்டோ போதும் என்று கேட்டுப் பாருங்கள். மாட்டி முடித்ததும் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு, பாட்டியை எழுந்து உட்கார வைத்து, கொஞ்சம் திரும்பச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பதிவை ஆரம்பிக்க வேண்டும். ஹெட்ஃபோன் இல்லாமல் ஒலிப்பதிவு செய்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகர்: தனியாக எடுத்த ஒலியைப் படத்தோடு எப்படிப் பொருத்துவது? போகப் போக உதடும் குரலும் விலகாதா?

முதல் விதி, கேமராவின் சொந்த மைக்கை அணைக்காதீர்கள். மோசமாகத்தான் கேட்கும், பரவாயில்லை, அது படத்துக்காக இல்லை, பொருத்துவதற்கான அடையாளத்துக்காக. டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு, பிரீமியர், ஃபைனல் கட் ஆகிய எடிட்டிங் மென்பொருள்கள் மூன்றுமே இரண்டு ஒலி அலைகளையும் ஒப்பிட்டுத் தானாகவே பொருத்திவிடும். ஒருகாலத்தில் இதற்கென்றே புளூரல்ஐஸ் என்று தனி மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது.

தானாகச் செய்வது சில நேரம் தடுமாறும், அதற்காகக் கை தட்டுங்கள். கேமராவுக்குத் தெரிகிற மாதிரி, மைக்குக்குப் பக்கத்தில், ஒரே ஒரு தட்டு, பளிச்சென்று. தட்டுவதற்கு முன் “அப்பா, மூன்றாவது பதிவு” என்று வாயால் சொல்லிவிட்டால் பிறகு எந்தக் கோப்பு எதனோடு என்று தேட வேண்டியதில்லை. ஆரம்பத்தில் மறந்துவிட்டால் முடிவில் தட்டலாம். இரண்டுமே இல்லையென்றால் பேச்சிலேயே ‘ப’, ‘ம’ வரும் இடத்தைத் தேடுங்கள். ‘அப்பா’, ‘அம்மா’, ‘கப்பல்’ என்று சொல்லும்போது உதடு ஒட்டிப் பிரிவது படத்தில் தெளிவாகத் தெரியும், ஒலியில் அதே இடத்தில் ‘ப’வுக்கு ஒரு குட்டி மௌனமும் ‘ம’வுக்கு ஒரு அமுங்கலும், அதன் பிறகு ஒரு எழுச்சியும் இருக்கும், அதை வைத்து ஒரு ஃபிரேம்கூடப் பிசகாமல் கையாலேயே பொருத்திவிடலாம்.

விலகலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்வி. கேமராவுக்குள் ஒரு கடிகாரம், ரெக்கார்டருக்குள் ஒரு கடிகாரம், இரண்டும் துல்லியமாக ஒன்றாக ஓடாது. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி விலகும். விநாடிக்கு 25 ஃபிரேம் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லிவிநாடி, ஆக கிட்டத்தட்ட இரண்டு ஃபிரேம். கவனிப்பவர் கண்ணுக்கு அது உறுத்த ஆரம்பிக்கும். ஆனால் ஸ்டில் கேமராவில் இதற்கு மருந்து அதன் குறையிலேயே இருக்கிறது: 5டி மார்க் 2 ஒரு கோப்பில் 4 ஜிபிதான் எழுதும், அது ஏறக்குறைய 12 நிமிடம். அதற்குப் பின் வந்த பல கேமராக்கள் 29 நிமிடம் 59 விநாடியில் நின்றுவிடும், அரை மணி நேரம் எடுக்க முடிந்தால் ஐரோப்பியச் சுங்க விதிப்படி வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டதால் வந்த எல்லை அது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகப் பொருத்துவதால் 12 நிமிடத்தில் விலகல் 14, 15 மில்லிவிநாடியைத் தாண்டாது. யாருக்கும் தெரியாது. ரெக்கார்டரை மட்டும் இடையில் நிறுத்தாமல் ஓடவிடுங்கள். கேமரா நின்ற நேரத்தில்தான் பலர் மனம்விட்டுப் பேசுவார்கள்.

மண்டபத்தில் பின்வரிசையிலிருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஊர்ச் சூட்டில் ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும், அதாவது 14 மீட்டர் தள்ளி நின்றால் கேமராவுக்குச் சத்தம் ஒரு ஃபிரேம் தாமதமாகத்தான் வந்து சேரும். மென்பொருள் அந்தத் தாமதமான ஒலியை நம்பிப் பொருத்தும். முடிந்ததும் உதட்டைப் பார்த்து ஒரு ஃபிரேம் முன்னே பின்னே நகர்த்திச் சரிபாருங்கள்.

தோ பாயோவிலிருந்து ஒரு வாசகி: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சத்தமில்லாத நேரமே இல்லை. என்ன செய்வது?

முதலில் ஹாலை விட்டுப் படுக்கையறைக்கு வாருங்கள். மெத்தை, திரைச்சீலை, துணி அடுக்கிய அலமாரி எல்லாம் எதிரொலியை உறிஞ்சும். அலமாரிக் கதவைத் திறந்தே வைத்து அதற்கு எதிரே பேசுகிறவரை உட்கார வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே காதுக்குத் தெரியும். ஏசியை அரை மணி நேரம் முன்பே போட்டு அறையைக் குளிரவைத்துவிட்டு, பதிவின்போது நிறுத்துங்கள். மின்விசிறியும் வேண்டாம், ஆனால் வயதானவரை வேர்க்க வைத்து உட்கார்த்தக் கூடாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை விட்டுக் காற்று வாங்கச் சொல்லுங்கள். குளிர்பெட்டியை அணைத்தால் உங்கள் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள், மறுபடி போடாமல் வெளியே கிளம்பவே முடியாது.

வெளிச் சத்தத்துக்கு நேரம் பார்க்க வேண்டும். விடிகாலையில் எடுக்கலாம் என்று நினைத்தால் குயில் விடாது. வாரநாள் பகலில் ஏதாவது ஒரு வீட்டில் சுவரை இடிப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை புதுப்பிப்பு வேலைக்கு அனுமதி இல்லை, அதனால் ஞாயிறு முற்பகல்தான் என் தேர்வு. போர் விமானம் போனால் பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லச் சொல்லுங்கள்.

பேசி முடித்ததும் யாரும் எழுந்திருக்கும் முன், எல்லாரும் அப்படியே உட்கார்ந்திருக்க, ஒரு நிமிடம் வெறும் அறையின் சத்தத்தைப் பதியுங்கள். ஒரு வாக்கியத்தை வெட்டி எடுத்த இடத்தில் அதைத்தான் நிரப்ப வேண்டும், வெறுமையாக விட்டால் காது உடனே கண்டுபிடித்துவிடும். எல்லாச் சத்தத்தையும் துடைத்துவிட வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பழைய சாமான் வாங்க வரும் காராங் குனிக்காரரின் ஹார்ன், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், மின்தூக்கி மணி, இவையெல்லாம் அந்த வாழ்க்கையின் பகுதி. ஆனால் அவை பேச்சின் மேல் விழக்கூடாது. தனியாகப் போய்ப் பதிந்து வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவில் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஜூரோங் வெஸ்டிலிருந்து ஒரு மாணவர்: ரெக்கார்டர் வாங்கப் பணமில்லை. கைப்பேசி போதுமா?

தாராளமாக. கைப்பேசியில் மாட்டும் லேப்பல் மைக் ஒன்று வாங்கி, கைப்பேசியைப் பேசுகிறவரின் சட்டைப் பையில் போட்டுவிடுங்கள். விமானப் பயன்முறையில் வைத்து, எம்பி3 இல்லாமல், ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸில் பதியும் செயலியைத் தேர்ந்தெடுங்கள். வீடியோவின் ஒலி 48-இல்தான் ஓடுகிறது, 44.1 பாட்டு சிடிக்கானது. முன்பெல்லாம் கைப்பேசி பக்கத்தில் இருந்தாலே ‘டிடிடிட்’ என்று மைக்கில் விழும், 2017 ஏப்ரலில் இங்கே 2ஜி சேவையை நிறுத்திய பிறகு அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விட்டது. இருந்தாலும் அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடும், அதனால் விமானப் பயன்முறை கட்டாயம். இதற்காகக் கடன் வாங்காதீர்கள்.

பொங்கோலிலிருந்து ஒரு வாசகர்: தைப்பூசத்தில் உறுமி, நாதஸ்வரம் எல்லாம் உடைந்து உடைந்து பதிவாகிறது. 32 பிட் ஃபுளோட் ரெக்கார்டர் வாங்கினால் சரியாகுமா?

பாதி சரியாகும். ஜூம் எஃப்6 மாதிரியான ரெக்கார்டர்கள் 2019 முதல் இந்த வசதியோடு வருகின்றன, அளவு வைக்கத் தவறினாலும் பிறகு இறக்கிக்கொள்ளலாம். காவடிகள் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை நடந்துகொண்டே இருக்கும், வேல் வேல் முழக்கம் திடீரென்று எழும், அங்கே நின்று அளவுக் குமிழைத் திருகிக்கொண்டிருக்க முடியாது, அந்த வகையில் இது வரப்பிரசாதம். ஆனால் மைக்கின் சவ்வே தாங்காமல் உடைந்தால் ரெக்கார்டர் எத்தனை பிட்டாக இருந்தாலும் உடைந்ததுதான் பதிவாகும். அதிக ஒலியழுத்தம் தாங்கும் மைக்கைத் தேர்ந்தெடுங்கள், நாதஸ்வரத்தின் வாய்க்கு நேர் எதிரே நிற்காமல் ஓரமாக நாலைந்து அடி தள்ளி நில்லுங்கள். காற்றுக்கு மைக்கின் மேல் மயிர் உறை போடுங்கள். கோயிலுக்குள் எடுப்பதாக இருந்தால் முன்கூட்டியே நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுவிடுங்கள். அலகு குத்தும் நேரத்தில் மைக்கை முகத்தருகே நீட்டாதீர்கள், அவர் அங்கே உங்கள் படத்துக்காக வரவில்லை.

செங்காங்கிலிருந்து ஒரு வாசகர்: படம் சரியாக வராத பதிவுகளில் ஒலி மட்டும் நன்றாக இருக்கிறது. அழித்துவிடலாமா?

ஐயோ, அழிக்கவே கூடாது. தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979-இலிருந்து சேர்த்துவருபவை பெரும்பாலும் ஒலிப்பதிவுகள்தான், அவற்றில் தமிழில் பேசியவர்களும் இருக்கிறார்கள். முகம் தெரியாமலேயே அந்தக் குரல்களைக் கேட்டு ஒரு வட்டாரமே எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள முடிகிறது. குரல் தெளிவாக இருந்தால் அதன்மேல் பழைய புகைப்படம், கையெழுத்து, வேலை அட்டை, அவர் நடந்த தெரு என்று எதை வேண்டுமானாலும் வைத்துப் படமாக்கலாம். குரல் போய்விட்டால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் என்ன சொன்னார் என்பது போய்விட்டது.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபிதான், இடம் ஒரு பிரச்சினையே இல்லை. அன்று இரவே இரண்டு வேறு வட்டுகளில் நகல் எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் கொடுத்துவையுங்கள். கோப்பின் பெயரில் தேதி, பேசியவர் பெயர், இடம் மூன்றும் இருக்கட்டும். அடுத்த பதிவிலிருந்து, பேசுகிறவரே தொடக்கத்தில் தன் பெயரையும் பிறந்த ஊரையும் அன்றைய தேதியையும் சொல்லிவிட்டு ஆரம்பிக்கட்டும்.